ஹாக்கி வீட்டில் ஒண்டுக்குடித்தனம்: அமெரிக்க உள்ளரங்கக் கால்பந்தின் ஒரு சீசன்

சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஐஸ் ஹாக்கி ஆட்டம் முடிகிறது என்று வையுங்கள். மறுநாள் மதியம் மூன்று மணிக்கு அதே அரங்கில் கால்பந்து. நடுவில் கிடைக்கும் நேரத்தில் ஐஸை உருக்கி, தரையைக் காயவைத்து, ஆட்டம் முடிந்ததும் திரும்ப உறைய வைப்பதெல்லாம் நடக்காத காரியம். அதனால் ஐஸ் அப்படியே கிடக்கும். அதன்மேல் பலகை, பலகைமேல் செயற்கைப் புல், புல்மேல் கால்பந்து. ஆட்டம் முடிந்த கையோடு எல்லாவற்றையும் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

அமெரிக்காவின் தொழில்முறை உள்ளரங்கக் கால்பந்து ஏறக்குறைய ஐம்பது வருஷமாக இப்படித்தான் குடித்தனம் நடத்துகிறது. இப்போது மேஜர் அரீனா சாக்கர் லீக் என்ற பெயரில் நடக்கிறது, சுருக்கமாக எம்.ஏ.எஸ்.எல். 2014–15இல் தொடங்கியது. இதன் விதிகள், ஆட்ட முறை, அட்டவணை, அணிகள் பிறப்பது, அணிகள் சாவது, எதை எடுத்துக்கொண்டாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் முட்டும்: சொந்த வீடு கிடையாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இது ஃபுட்சால் என்னும் ஐவர் உள்ளரங்கக் கால்பந்து இல்லை. 2016இல் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் பிரீமியர் ஃபுட்சால் நடந்ததே, ஃபிகோவும் ஃபால்காவோவும் வந்தார்களே, அது வேறு ஜாதி. ஃபுட்சாலில் சுவர் கிடையாது. கோட்டைத் தாண்டினால் பந்து வெளியே. பந்தும் துள்ளாது. இங்கே மைதானத்தைச் சுற்றி ஹாக்கியின் பலகைச் சுவர், அதற்குமேல் கண்ணாடி. பந்து அதில் பட்டுத் திரும்பினால் ஆட்டம் தொடரும். சுவரைத் தாண்டிப் பார்வையாளர் மடியில் போய் விழுந்தால்தான் நிற்கும். கூரையிலோ தொங்கும் ஸ்கோர் போர்டிலோ பட்டால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். நம்மூரில் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஆடும் டர்ஃபில் வலையில் பட்டுத் திரும்பும் பந்தை அப்படியே எடுத்து ஆடுவோமே, கிட்டத்தட்ட அதுதான். ஆனால் வலை பந்தின் வேகத்தைத் தின்றுவிடும். கண்ணாடி வந்த வேகத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

இந்த விளையாட்டு ஹாக்கி அரங்குக்குள் வந்த கதை சின்னது. 1974 பிப்ரவரி 11 அன்று ஃபிலடெல்ஃபியாவின் ஸ்பெக்ட்ரம் அரங்கில் மாஸ்கோவின் ராணுவ அணியும் ஃபிலடெல்ஃபியா ஆட்டம்ஸும் மோதின. மாஸ்கோ 6–3 என்று ஜெயித்தது. முடிவைவிட முக்கியம் கூட்டம்: 11,790 பேர். கடுங்குளிரில் கால்பந்துக்குப் பன்னிரண்டாயிரம் பேர் வருவார்கள் என்றால் அதை ஏன் வியாபாரமாக்கக் கூடாது என்று அன்றைக்குப் பார்த்து யோசித்தவர்களில் எட் டெப்பரும் ஒருவர். அவரும் எர்ல் ஃபோர்மனும் சேர்ந்து தொடங்கிய மேஜர் இன்டோர் சாக்கர் லீகின் முதல் ஆட்டம் 1978 டிசம்பர் 22 அன்று நியூயார்க் அருகே நாசாவ் கொலிசியத்தில். ஆறு அணிகள், ஆளுக்கு 24 ஆட்டம். இன்றைய லீகிலும் ஒரு முழு சீசன் என்றால் 24 ஆட்டம்தான். நடுவே 1987–88இல் 56 வரை போனது. அந்த ஏற்ற இறக்கத்தைப் பிறகு பார்ப்போம்.

இப்போது தரைக்கு வருகிறேன். டிவியில் பார்க்கிறவர்களுக்குத் தெரியாத பாதி ஆட்டம் அங்கேதான் இருக்கிறது.

வட அமெரிக்க ஹாக்கி தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். மூலைகள் சதுரமாக இருக்காது. 28 அடி ஆரத்தில் வளைந்திருக்கும். ஐஸ் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலே கனம். அதன்மீது வெப்பத்தைத் தடுக்கும் பலகைகளை ஒன்றோடொன்று கோத்து அடுக்குகிறார்கள். நான்குக்கு எட்டடிப் பலகை என்றால் ஐந்நூறுக்கும் மேல் வேண்டும். வளைவுகளுக்கென்று வெட்டிவைத்த துண்டுகள் தனி. ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கும், இடம் மாறினால் உட்காராது. பிறகு புல். 12 அடி அகலச் சுருளைக் குறுக்குவாட்டில் விரித்தால் 200 அடிக்கு 17 சுருள். ஒவ்வொன்றும் ஃபோர்க்லிஃப்டில்தான் வரும். ஓரங்களைப் பெரும்பாலும் வெல்க்ரோ பட்டையால் இணைப்பார்கள். அவசரம், மறுநாளே கழற்ற வேண்டும். பசை போட முடியாது.

கோளாறு அந்த இணைப்பில்தான் ஆரம்பிக்கும். வெல்க்ரோவில் மண்ணும் நாரும் ஏறிவிட்டால் பிடி விடும். அது மைதானத்தின் நடுவில் நடந்தால் பந்து ஒரு துள்ளு துள்ளும், அவ்வளவுதான். கோலுக்கு எட்டடி முன்னால் நடந்தால் கோல்கீப்பர் பக்கவாட்டில் உந்திப் பாயும்போது காலடியில் புல் நழுவும். கணுக்காலோ கோலோ, இரண்டில் ஒன்று போகும். அதனால்தான் நல்ல கோல்கீப்பர்கள் வார்ம்-அப்புக்கு முன்னால் தன் கட்டம் முழுவதும் பாதத்தை இழுத்து இழுத்து நடப்பார்கள். பார்ப்பவருக்கு ஏதோ சடங்கு மாதிரி தெரியும். தேடுவது இணைப்பின் மேட்டைத்தான். இரண்டாவது கோளாறு சுருக்கம். விரிக்கும்போது ஒரு சுருள் கொஞ்சம் கோணலாகப் போனால் மிச்சம் முழுவதும் கடைசியில் சுவரோரம் வந்து அலையலையாக நிற்கும். சுவரோரம்தான் ஆட்டம் அதிகம் நடக்கும் இடம் என்பது விரிப்பவருக்குத் தெரியாமல் இல்லை, நேரம் இல்லை.

மூன்றாவது, ஈரம். கீழே ஐஸ், மேலே ஐயாயிரம் பேரின் மூச்சு. பலகை எவ்வளவு தடுத்தாலும் தரை குளிர்ந்துதான் இருக்கும். குளிர்ந்த சொம்பின் வெளியே தண்ணீர் கோப்பது போலப் புல்லின் அடியிலும் நுனியிலும் ஈரம் கோக்கும். லாரி வந்து நிற்கும் பின்கதவை வெகுநேரம் திறந்து வைத்தால், வெளியே மழை என்றால், இன்னும் மோசம். ஈரப் புல்லில் பந்து வழுக்கிக்கொண்டு வேகமாக வரும். ஓடிவந்து திடீரென்று நிற்பவரின் தொடை இழுத்துக்கொள்ளும். ஸ்டட் வைத்த பூட்ஸ் இங்கே ஆகாது. குட்டையான ரப்பர் முனைகள் நிறைந்த டர்ஃப் ஷூ, அல்லது அடி தட்டையான இன்டோர் ஷூ. அனுபவசாலிகள் இரண்டையும் பையில் வைத்திருந்து தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எதைப் போடுவது என்று முடிவெடுப்பார்கள்.

எல்லா அரங்கிலும் அடியில் ஐஸ் இருக்கும் என்றும் இல்லை. பால்டிமோர் பிளாஸ்ட் அணி 2017இலிருந்து ஆடும் டௌசன் பல்கலைக்கழக அரங்கில் ஹாக்கியே கிடையாது. அங்கே வேறு தலைவலி: புல்லோடு சுவரையும் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். மில்வாக்கியிலும் யூட்டிகாவிலும் ஹாக்கி அணியோடு கூட்டுக்குடித்தனம்.

ஹாக்கியில் கோல் சுவருக்கு முன்னால் தள்ளி நிற்கும், பின்னாலும் ஆடலாம். உள்ளரங்கக் கால்பந்தில் கோல் சுவருக்குள்ளேயே பதிந்திருக்கும்: 14 அடி அகலம், 8 அடி உயரம். வலை சுவருக்கு வெளியே. எனவே இரு கோடியிலும் சில பலகைகளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கோல் சட்டத்தை இறுக்க வேண்டும். பார் கம்பிக்கு மேலே மறுபடி கண்ணாடி. மில்வாக்கியோ சான் டியேகோவோ, இந்தக் கண்ணாடியை வைத்துத்தான் பிழைக்கிறார்கள்.

கேரம் ஆடியவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. காயை நேராகக் குழிக்குள் தள்ள முடியாதபோது எதிர்க் கட்டையில் அடித்து எடுப்போம். இங்கேயும் அதே கணக்குத்தான். வித்தியாசம், காய் காற்றில் பறக்கும், குழியை ஒருவர் காவல் காப்பார். தூரத்திலிருந்து அடிப்பவர் கோலைக் குறிவைக்காமல் பாருக்கு இரண்டடி மேலே கண்ணாடியைக் குறிவைப்பார். கோல்கீப்பர் பந்தோடு மேலே எழும்புவார். பந்து கண்ணாடியில் பட்டு அவர் தலைக்கு மேலேயே திரும்பி, கோலுக்கு ஆறேழு அடி முன்னால் விழும். அங்கே ஒரு ஸ்ட்ரைக்கர் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அவர் வேலை அந்தப் பந்தை விழவிடாமல் உள்ளே தட்டுவது. ‘ஷாட் வெளியே போய்விட்டது’ என்று புதிதாகப் பார்ப்பவர் உச்சுக் கொட்டி முடிப்பதற்குள் கோல் விழுந்திருக்கும்.

எல்லாச் சுவரும் ஒன்று போலத் திருப்பாது என்பதுதான் சொந்த மைதானத்தின் லாபம். பலகையும் கண்ணாடியும் சேரும் இடத்தில் ஒரு விளிம்பு இருக்கும். பந்து அதில் பட்டால் எந்தப் பக்கம் போகும் என்று ஆண்டவனுக்கே தெரியாது. கண்ணாடியைத் தாங்கும் தூண் இருந்தால் ஒரு விதம், தூணில்லாமல் கண்ணாடியோடு கண்ணாடி சேர்ந்திருந்தால் ஒரு விதம். வீரர்கள் வந்து போகும் கதவின் தாழ்ப்பாள் தளர்ந்திருந்தால் அந்த இடத்தில் பட்ட பந்து செத்துப்போய்க் காலடியில் விழும். விருந்தாளி அணியின் கோச் உருப்படியானவர் என்றால் காலைப் பயிற்சியில் பத்து நிமிஷம் ஒதுக்கி, ஒருவரை விட்டுச் சுவர் முழுவதும் பத்தடிக்கு ஒரு பந்து அடிக்கச் சொல்வார். வளைந்த மூலை தனிப் பாடம்: நேர்ச்சுவரில் வந்த கோணத்திலேயே திரும்பும் பந்து, வளைவில் சுவரை ஒட்டியே உருண்டு கோல் பக்கம் வந்துவிடும். அந்த உருளலை எதிர்பார்த்து ஓடுவதா, பந்தின் பின்னால் ஓடுவதா என்பதில்தான் புது டிஃபென்டரும் பழைய டிஃபென்டரும் பிரிவார்கள். வெளி மைதானத்தில் பெயர் வாங்கிய பலர் முதல் மாதம் இங்கே திணறுவதற்கும் இதுதான் காரணம். கால் திறமை குறைவதில்லை; கண் பழகியிருக்காது.

இடம் எவ்வளவு குறைவு என்பதற்கு ஒரு கணக்கு. முழு அளவு கால்பந்து மைதானம் 105க்கு 68 மீட்டர். ஆளுக்குச் சுமார் 325 சதுர மீட்டர் வரும். இங்கே அணிக்கு ஆறு பேர், கோல்கீப்பரையும் சேர்த்து. ஆளுக்கு 130ஐத் தாண்டாது. மூச்சுவிட நேரம் கிடையாது. 15 நிமிஷக் குவார்ட்டர் நான்கு, ஆட்டம் நின்றால் கடிகாரமும் நிற்கும். ஒருவரே அறுபது நிமிஷமும் ஆடுவது மனிதச் செயல் இல்லை. ஆகவே ஹாக்கியிடமிருந்து இரவல் வாங்கிய இன்னொன்று: ஆட்டம் ஓடும்போதே ஆள் மாற்றுவது.

ஷிஃப்ட் என்பார்கள். ஒன்றரை நிமிஷம், மிஞ்சினால் இரண்டு. வேகத்தில் நாலைந்து ஓட்டம் ஓடியதும் சுவரோரம் வந்து கதவு வழியாகவோ பலகையைத் தாண்டியோ பெஞ்சுக்குப் போக, அடுத்தவர் உள்ளே குதிப்பார். எப்போது மாறுவது என்பதில்தான் சூட்சுமம். பந்து எதிராளியின் மூலையில் நம் காலில் இருக்கும்போது மாறலாம். பந்து நடுவில் உருண்டுகொண்டிருக்கும்போது மாறினால் மூன்று விநாடிக்கு ஓர் ஆள் குறை. அந்த மூன்று விநாடி போதும். பெஞ்சு நம் கோலிலிருந்து தள்ளியிருக்கும் குவார்ட்டர்களில் டிஃபென்டர்கள் மாற நெடுந்தூரம் ஓட வேண்டும். அப்போது விழும் கோல்களை மறுபடி போட்டுப் பார்த்தால் பல ஆள் மாற்றும்போது வந்த ஓட்டையாக இருக்கும். போகிறவர் சுவரைத் தொடுமுன் வருகிறவர் பந்தைத் தொட்டுவிட்டால் ஆள் அதிகம் என்று விசில். அதற்கு ஒருவர் இரண்டு நிமிஷம் தண்டனைப் பெட்டியில் உட்கார வேண்டும்.

உட்காரும் பெட்டியும் ஹாக்கியுடையதே. பெரிய ஃபவுல்களுக்கு நீல அட்டை: சட்டையைப் பிடித்து இழுத்தால், காலை வாரினால், எதிராளியைச் சுவரோடு சேர்த்து மோதினால். அட்டை வாங்கியவர் இரண்டு நிமிஷம் பெட்டியில். எதிரணி அதற்குள் கோல் போட்டுவிட்டால் முன்னமே வரலாம். கோல்கீப்பர் தப்பு செய்தால் அவருக்குப் பதில் வேறொருவர் உட்காருவார். பழிக்குப் பலியாள் என்பது இங்கே சட்டப்படி.

இந்த இரண்டு நிமிஷத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். காக்கும் பக்கம் நான்கு பேர், கோலுக்கு முன்னால் சதுரமாக நிற்பார்கள். தாக்கும் பக்கம் ஐந்து. ஒருவர் மேலே நடுவில், இருவர் இரு சுவரோரம், ஒருவர் சதுரத்தின் நட்டநடுவில், ஒருவர் தூரத்துக் கம்பத்தருகே. பந்து மேலே இருப்பவரிடமிருந்து சுவரோரம் போகும், திரும்பும், மறுபக்கம் போகும். அவசரமே இல்லாத மாதிரி இருக்கும். சதுரத்தை ஒரு பக்கம் சாய்ப்பதுதான் நோக்கம். முன்வரிசைக் காவலர் இருவரில் ஒருவர் பொறுமையிழந்து ஒரு காலடி கூடுதலாக வெளியே வந்த நொடியில் நடுவில் நிற்பவருக்குப் பாஸ் போகும். அவர் சுட மாட்டார், ஒரே தொடுதலில் தூரக் கம்பத்துக்குத் தள்ளுவார். காப்பவர்களுக்குக் கிடைத்த ஒரே நிம்மதி சுவர்: பந்து கிடைத்தால் பாஸ் தேடாமல் பலகையில் ஓங்கி அடித்து மறு கோடிக்கு அனுப்பிவிட்டால் எட்டுப் பத்து விநாடி கரையும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு முறை செய்தால் தண்டனை முடிந்துவிடும். அதையே காற்றில் நீளமாக அடித்தால் மாட்டிக்கொள்வார்கள். நடுக்கோட்டையும் இருபுறத்து மஞ்சள் கோடுகளையும் சேர்த்து மூன்று கோட்டையும் பந்து யார்மீதும் எந்தச் சுவர்மீதும் படாமல் காற்றிலேயே முன்னோக்கித் தாண்டக் கூடாது என்பது விதி. தாண்டினால் ஃப்ரீ கிக் அடித்தவர் பக்கத்து மஞ்சள் கோட்டுக்கே திரும்பும். இந்த விதி இல்லையென்றால் எல்லோரும் கோலுக்குக் கோல் உதைத்துக்கொண்டிருப்பார்கள். 200 அடி ஒரு தூரமா?

ஆட்டம் கைவிட்டுப் போகும்போது கையாளும் உத்தி ‘ஆறாவது தாக்காளர்’. கோல்கீப்பரை வெளியே கூப்பிட்டுவிட்டு, கோல்கீப்பர் நிறச் சட்டையில் கால் திறமையுள்ள ஒருவரை இறக்குவார்கள். ஆறு பேர் தாக்க, எதிரே ஐவர் காக்க, பின்னால் கோல் திறந்து கிடக்கும். ஒரு கோல் பின்தங்கியிருந்தால் கடைசி இரண்டு மூன்று நிமிஷம். மூன்று கோல் என்றால் நான்காவது குவார்ட்டரின் பாதியிலேயே. பலித்தால் வீரம், பலிக்காவிட்டால் பறிபோன பந்து ஆளில்லாத கோலுக்குள் உருண்டு போகும். அதனால் இந்த லீகின் ஸ்கோரை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. 8–4 என்றிருக்கும், மூன்று நிமிஷம் முன்னால் அது 5–4ஆக இருந்திருக்கும்.

இந்த உத்தியால் திரும்பி வரக்கூடிய விளையாட்டு என்பதற்கு ரசிகர்கள் இன்னும் காட்டும் ஆதாரம் 1987 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். டகோமா டோமில் 21,728 பேர். டகோமா ஸ்டார்ஸ் 3–1 என்று முன்னே. டாலஸ் சைட்கிக்ஸ் சமன் செய்து, ஓவர்டைமில் மார்க் கார்ப்புன் அடித்த கோலில் 4–3. டாலஸின் பிரேசில் நட்சத்திரம் டாட்டு ஒவ்வொரு கோலுக்கும் சட்டையைக் கழற்றிக் கூட்டத்துக்குள் வீசுபவர். எத்தனை சட்டை தைத்தார்களோ.

இனி சீசன். நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ ஆரம்பித்து ஏப்ரல் வரை. 24 ஆட்டம் என்றால் 12 வீட்டில், 12 வெளியே. கேட்க எளிது. அட்டவணை போடுகிறவர் முதலில் கையில் எடுப்பது அணிகளின் பட்டியலை அல்ல, அரங்குகளின் காலி நாள் பட்டியலை. ஹாக்கி அணி தன் நாட்களை முதலில் எடுத்துக்கொள்ளும். பிறகு கச்சேரி, சர்க்கஸ், ராட்சச லாரிப் பந்தயம், கல்லூரிப் பட்டமளிப்பு. மிச்சம் கிடப்பதில் வெள்ளி, சனி, ஞாயிறு வேண்டும். செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு யார் வருவார்? விளைவு, ஓர் அணி மூன்று வாரம் வீட்டில் ஆடாமல் இருந்துவிட்டு நான்காவது வாரம் இரண்டு நாளில் இரண்டு ஆட்டம் ஆடும். மூன்று வார இடைவெளியில் ஊர் மறந்துவிடும். டிக்கெட் விற்பவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வெளியூர்ப் பயணம் பெரும்பாலும் வார இறுதிக்கு இரண்டு ஆட்டமாகக் கட்டப்பட்டிருக்கும். ஒரு விமானச் செலவில் இரண்டு ஆட்டம். வெள்ளி ராத்திரி ஆடிவிட்டுச் சனிக்கிழமை பயணப்பட்டு ஞாயிறு மதியம் மறுபடி. இந்த இரண்டாவது ஆட்டத்தில்தான் ஒரு கோச்சின் தரம் தெரியும். முதல் ஆட்டத்தில் நட்சத்திரங்களை இரண்டு நிமிஷ ஷிஃப்டில் பிழிந்தவர் ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் குவார்ட்டரில் அழுவார். தொடைப் பின்தசையும் இடுப்படித் தசையும் இழுத்துக்கொள்வது பெரும்பாலும் அப்போதுதான். புல் உரசிய சிராய்ப்பு தனி. சோப்பு போட்டுக் கழுவி, ஒட்டாத கட்டு போடாவிட்டால் திங்கட்கிழமை சீழ் வைக்கும். முட்டி உறையும் நீளக் கால்சட்டையும் இல்லாமல் இறங்கும் கோல்கீப்பருக்கு இது பிப்ரவரிக்குள் புரிந்துவிடும்.

வீரர்களில் பலருக்கு இது மட்டுமே பிழைப்பு இல்லை. பகலில் சிறுவர் அணிகளுக்குப் பயிற்சி, பள்ளி வேலை, வேறு உத்தியோகம், சாயங்காலம் பயிற்சி. அதனால்தான் உள்ளூரில் வேரூன்றிய, முப்பத்தைந்து வயதைத் தாண்டியும் ஆடுகிற வீரர்களை இங்கே அதிகம் பார்க்கலாம். 2019இல் அமெரிக்கக் கால்பந்தின் பெரிய நட்சத்திரமான லேண்டன் டோனவன் சான் டியேகோ சாக்கர்ஸுக்கு ஆட வந்தபோது செய்தியான செய்தி. ஆனால் இந்தச் சுவர்களுக்குள் அரசன் என்றால் இன்றும் ஸ்டீவ் சுங்குல்தான். யூகோஸ்லாவியாவின் ஹைடுக் ஸ்ப்லிட்டிலிருந்து வந்து, பழைய லீகில் 652 கோல். 1980–81இல் மட்டும் 40 ஆட்டத்தில் 108.

புள்ளிக் கணக்கை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: அறுபது நிமிஷத்துக்குள் வெற்றி என்றால் 3, ஓவர்டைம் வெற்றிக்கு 2, ஓவர்டைம் தோல்விக்கு 1. இதன் பக்கவிளைவு, ஸ்கோர் சமமாக இருக்கும் ஆட்டத்தில் கடைசி ஒன்றரை நிமிஷம் இரண்டு அணியும் ஒரு புள்ளியை மடியில் கட்டிக்கொண்டு பந்தைப் பின்னால் உருட்டும். எனக்கு இந்த முறை பிடிக்காது. அறுபது நிமிஷம் ஆவேசமாக ஆடுவதைப் பார்க்க வந்தவர்களுக்கு அந்தத் தொண்ணூறு விநாடி அநியாயம்.

பிளே-ஆஃபில் வேறு வினோதம். மூன்றாவது ஆட்டத்துக்கு அரங்கம் கிடைக்காது, பயணச் செலவும் கட்டாது. அதனால் பல வருஷம் இரண்டு ஆட்டத் தொடர்தான். ஆளுக்கொன்று ஜெயித்தால் இரண்டாவது ஆட்டம் முடிந்த அதே ராத்திரி 15 நிமிஷக் குட்டி ஆட்டம் ஒன்று. அது எல்லாவற்றையும் தீர்க்கும். கோல் வித்தியாசம் சேராது என்பதால் முதல் ஆட்டத்தை ஜெயித்த அணிக்கு ஒரு தந்திரம் உண்டு: இரண்டாவது ஆட்டத்தில் மூன்றாம் குவார்ட்டரிலேயே நான்கு கோல் பின்தங்கிவிட்டால், முதல் வரிசை ஆட்டக்காரர்களை உட்காரவைத்துக் கால்களைச் சேமித்துக்கொள்ளலாம். தோல்வியை ஒப்புக்கொள்வது போலத் தெரியும். அரை மணி கழித்துத்தான் அர்த்தம் புரியும். கோப்பைக்கு ரான் நியூமன் பெயர். 1982 முதல் 1992 வரையிலான பதினோரு வருஷத்தில் பத்துப் பட்டம் வாங்கிய சான் டியேகோவின் கோச் அவர். எம்.ஏ.எஸ்.எல். காலத்தில் 2016, 2017, 2018 மூன்றும் பால்டிமோருக்கு. 2021, 2022 சான் டியேகோவுக்கு. 2023, 2024 மெக்சிகோவின் சிவாவா சாவேஜுக்கு. 2020இல் கொரோனா சீசனையே பாதியில் முடித்துவிட்டது.

இவ்வளவு விறுவிறுப்பான ஆட்டம் ஏன் ஐம்பது வருஷமாகியும் காலூன்றவில்லை? ஆட்டத்தில் குறையில்லை, வாடகையில்தான் குறை. 1980களின் தொடக்கத்தில் செயின்ட் லூயிஸ் ஸ்டீமர்ஸுக்குச் சராசரியாகப் பதினேழாயிரம் பேர் வந்தார்கள். சீசன் 24 ஆட்டத்திலிருந்து 56 ஆனது கூட்டத்தை நம்பித்தான். ஆனால் அரங்க வாடகையும் சம்பளமும் ஆட்டத்துக்கு ஆட்டம் கூடவே ஏறின. வாகன நிறுத்தக் கட்டணம், தின்பண்டக் கடை, விளம்பரப் பலகை ஆகியவற்றின் வருமானம் பெரும்பாலும் அரங்கத்துக்காரருக்கே. டிக்கெட் காசில் மட்டும் ஓட்ட முடியாது. 1992இல் அந்தப் பழைய லீக் கடையை மூடியது.

அடுத்து வந்த கான்டினென்டல் இன்டோர் சாக்கர் லீக் மறுபக்கமிருந்து யோசித்தது. பல அணிகளுக்குக் கூடைப்பந்து, ஹாக்கி அணி முதலாளிகளே முதலாளிகள். கோடையில் அரங்கம் சும்மா கிடக்கிறதே, கால்பந்தை விடுவோம் என்று 1993இல் தொடங்கினார்கள். அது கோடை லீக். வீட்டுக்காரரே நடத்திய கடை. ஆனால் அவருக்கு அது பக்கத் தொழில். 1997க்குமேல் ஓடவில்லை. இடையில் தூரத்துக் கோலுக்கு மூன்று புள்ளி, சாதாரணக் கோலுக்கு இரண்டு என்று கூடைப்பந்து வேஷம் போட்ட லீகுகளும் உண்டு. கால்பந்து ரசிகரும் ஒட்டவில்லை, கூடைப்பந்து ரசிகரும் ஒட்டவில்லை. இப்போதைய லீகில் கோலுக்கு ஒரு புள்ளி. உருப்படியான முடிவு.

எம்.ஏ.எஸ்.எல். தொடங்கும்போது 23 அணிகள். பிற்பாடு கிட்டத்தட்டப் பாதியாயிற்று. எல்லாவற்றையும் தாண்டி நிற்பது மில்வாக்கி வேவ்: 1984இலிருந்து இடைவிடாமல் ஆடும் அணி, அமெரிக்காவில் அப்படித் தொடர்ந்து ஓடும் தொழில்முறைக் கால்பந்து அணிகளில் மூத்தது. யூட்டிகா இன்னொரு வழியைக் காட்டுகிறது. முன்னாள் ஹாக்கி கோல்கீப்பர் ராபர்ட் எஷ் அந்த ஊர் ஹாக்கி அணியையும் நடத்துகிறார், கால்பந்து அணியிலும் பங்குதாரர். 2018இல் சிரக்யூஸிலிருந்து அணியை அங்கே கொண்டுவந்தார்கள். காலண்டர் சண்டை ஒரே மேஜையில் முடிந்துவிடும். டிக்கெட் விற்பவர், விளம்பரம் பிடிப்பவர், பலகை அடுக்குபவர் எல்லாம் பொது. சின்ன ஊரில் இது தாக்குப்பிடிப்பதற்கு வேறு மந்திரம் எதுவும் இல்லை.

ஏப்ரலில் கடைசி விசில் ஊதியதும் வேலை புல்லிடம் திரும்பும். சீசன் நடுவில் அவசரமாகச் சுருட்டுவது போல இப்போது சுருட்டக் கூடாது. ஏழெட்டு மாதம் கிடங்கில் கிடக்கப் போகிறது. ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடித்து நாறும், அடிப்பகுதி பிரியும். விரித்தபடியே பெரிய விசிறி வைத்துக் காயவிட வேண்டும், வெல்க்ரோவில் சிக்கிய நாரையெல்லாம் கம்பித் தூரிகையால் வாரி எடுக்க வேண்டும், ஒன்று முதல் பதினேழு வரை எண்ணைச் சரிபார்த்து, எந்தப் பக்கம் உள்ளே என்று பார்த்து, குழலில் இறுக்கமாகச் சுற்ற வேண்டும். கோல் முன்னால் வரும் முதல் இரண்டும் கடைசி இரண்டும் சீக்கிரம் தேயும். அவற்றின் தேய்மானத்தைப் பார்த்துக் குறித்துவைக்க இதுதான் சமயம். ஆனால் அன்றைக்குக் கதவருகே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நாளைக் காலை ஆறு மணிக்கு உள்ளே கச்சேரி லாரி வருகிறது.